விசாரிப்பவரை விசாரிப்பது யார்?

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாயும் மகளும் என்னைத் தேடி மத்ரஸாவுக்கு வந்தார்கள். மகளுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொழில் செய்யும் ஒரு மாப்பிள்ளை பேசி வந்திருக்கிறது. பெயர் சொன்னால் ஊருக்கே தெரிந்த குடும்பந்தான். ஆனால் அவர்கள் ஊரை விட்டுப் போய் இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. மாப்பிள்ளையைச் சிறு பிள்ளையாகக் கண்டவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்த பின் கண்டவர்கள் இங்கே எவருமில்லை. அங்குள்ள தூரத்து உறவினர் ஒருவர், காசு கொடுத்தால் விசாரித்து அறிக்கை தருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, ஒரு தனியார் துப்பறிவாளரின் விபரத்தை அனுப்பியிருந்தார்.

"ஹஸரத், இப்படி ஆள் வைத்து விசாரிப்பது மார்க்கத்தில் ஆகுமா? துருவித் துருவி ஆராயக் கூடாது என்று பயானில் சொல்கிறீர்களே! ஆனால் அந்த மனிசனுக்கு கவர்மென்ட் லைசன்ஸ் இருக்குதாம்" என்றார் தாய்.

"லைசன்ஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஹராம் ஹலாலாகிவிடாது, தாத்தா" என்று நான் சொல்லிக் கொண்டிருக்கும் போதே, அதுவரை தலை குனிந்திருந்த மகள் ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் பொய்யை எழுதித் தந்தால், அல்லது தேடி எடுத்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால், நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?"

தாயின் கேள்விக்குப் பதில் கிதாபுகளில் இருந்தது. மகளின் கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் தேடி அறிந்ததை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். ஏனெனில், இது அந்தக் கலிபோர்னியா மாப்பிள்ளையோடு முடிந்து போகிற விஷயமல்ல. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் உரிய விஷயம்.

விசாரிப்பும் வேவு பார்ப்பும்

முதலில் தாயின் கேள்வியை எடுத்துக் கொள்வோம். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12வது வசனத்தில் அல்லாஹுத்தஆலா வீண் சந்தேகத்தையும், வேவு பார்ப்பதையும், புறம் பேசுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கிறான். அந்த வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். சந்தேகம் மனதில் பிறக்கிறது. சந்தேகம் வந்தவன் துருவத் தொடங்குகிறான். துருவி எடுத்தவனால் வாயைப் பொத்திக் கொண்டிருக்க முடிவதில்லை. ஒரு பாவம் மற்றப் பாவத்தைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது.

அப்படியானால் கலியாணத்துக்கு விசாரிப்பதே கூடாதா? இல்லை. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களின் சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இத்தா முடிந்த பின் தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி அவர் நபி (ஸல்) அவர்களிடம் கூறியபோது, ஒருவர் கையில் பொருளில்லாதவர் என்பதையும், மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்பதையும் நபியவர்கள் மறைக்காமல் எடுத்துச் சொன்னார்கள். இதை வைத்தே, கலியாணத்துக்காக ஆலோசனை கேட்பவரிடம் உள்ள குறையைச் சொல்வது புறமாகாது என இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கினார்கள்.

ஆக, அறிந்தவரிடம் கேட்பது விசாரிப்பு. அது ஆகும். பூட்டிய கதவைத் திறப்பதும், மறைத்ததைக் கிளறுவதும், பொய் சொல்லி உண்மையைப் பறிப்பதும் வேவு. அது ஆகாது. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களிடம் ஒருவரைக் கொண்டு வந்து, இவர் தாடியில் மது சொட்டுகிறது என்று கூறப்பட்டபோது, வேவு பார்ப்பது எங்களுக்குத் தடுக்கப்பட்டுள்ளது, வெளிப்பட்டதை வைத்துத்தான் நடவடிக்கை எடுப்போம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

ஊரின் ஒழுங்கைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் பற்றி இமாம் மாவர்தீ (ரஹ்) தமது 'அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் எழுதும்போதும், வெளியே தெரியாத பாவங்களை அவர் துருவக் கூடாது என்கிறார்கள். ஓர் உயிர் பறிக்கப்படப் போகிறது என்பது போன்ற, பிறகு ஈடு செய்ய முடியாத விஷயத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கிறார்கள். அரசாங்க அதிகாரிக்கே இந்த எல்லை என்றால், காசு வாங்கி வேலை செய்பவருக்கு எவ்வளவு பெரிய வேலி வேண்டும்!

லைசன்ஸ் எதைத் திறக்கிறது?

இனி மகளின் கேள்விக்கு வருவோம். லைசன்ஸ் என்றால் என்ன என்று புரிய, ஒரு கவலையான சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

1989 ஜூலை 18ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலஸ் நகரில் ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது நடிகை தன் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அவரை நீண்ட காலம் பின்தொடர்ந்து வந்த ஒருவன். வீட்டு முகவரி அவனுக்கு எப்படிக் கிடைத்தது? அரிசோனா மாநிலத்தின் டூசன் நகரில் ஒரு துப்பறியும் நிறுவனத்துக்கு 250 டொலர் கொடுத்தான். அது மோட்டார் வாகனத் திணைக்களப் பதிவேட்டிலிருந்து முகவரியை எடுத்துக் கொடுத்துவிட்டது. எதற்காகக் கேட்கிறான் என்று யாரும் விசாரிக்கவில்லை.

இந்தக் கொலையும் இது போன்ற வேறு சம்பவங்களும் சேர்ந்து, 1994ல் சாரதிகளின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் ஒரு சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றக் காரணமாயின. கண்டவரெல்லாம் அந்தப் பதிவேட்டைப் பார்க்க முடியாதவாறு கதவு சாத்தப்பட்டது. ஆனால் சில தேவைகளுக்கு மட்டும் ஒரு சிறு வாசல் விடப்பட்டது. அந்த வாசலால் நுழைய அனுமதிக்கப்பட்டவர்களில் லைசன்ஸ் பெற்ற துப்பறியும் நிறுவனங்களும் அடங்கும்.

இப்போது புரிகிறதா சகோதரிகளே? லைசன்ஸ் என்பது சுவரில் மாட்டி வைக்கிற அலங்காரமல்ல. உங்களுக்கும் எனக்கும் மூடப்பட்ட கதவின் சாவி அது. சாவியை ஒருவரிடம் கொடுப்பதென்றால், அதைத் திரும்ப வாங்கக் கூடிய ஒருவரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அமானிதமல்ல, சூறை.

சாவி திரும்ப வாங்கப்படும் விதம்

கலிபோர்னியாவில் இந்தச் சாவியைக் கொடுப்பதும் வாங்குவதும் பாதுகாப்பு மற்றும் புலனாய்வுச் சேவைகளுக்கான அரசாங்கப் பணியகத்தின் பொறுப்பாகும். லைசன்ஸ் எடுப்பதே இலேசான காரியமல்ல. பொதுவாக மூன்று வருடங்கள், அதாவது 6,000 மணித்தியாலங்கள், சம்பளத்துக்கு விசாரணை வேலை செய்த அனுபவம் வேண்டும். பொருத்தமான பட்டம் உள்ளவர்களுக்கு இதில் சலுகை உண்டு. கைரேகை கொடுத்து, முன்பு குற்றம் செய்தவரா என்று பார்க்கப்பட்டு, பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

லைசன்ஸ் பெற்றவருக்கு விலங்கும் உண்டு. வாடிக்கையாளருக்குப் பொய் அறிக்கை கொடுக்கக் கூடாது. வேலையில் அறிந்ததை, சட்டம் கேட்டாலன்றி, வாடிக்கையாளரின் உத்தரவில்லாமல் வேறு எவருக்கும் வெளியிடக் கூடாது. தன்னைப் பொலிஸ் அதிகாரி போல் காட்டிக் கொள்ளக் கூடாது. சான்றுகளைத் தானே உருவாக்கக் கூடாது. இரு தரப்பாரின் அந்தரங்கமான பேச்சை அவர்களின் சம்மதமில்லாமல் ஒலிப்பதிவு செய்வது அந்த மாநிலத்தில் குற்றம். வாகனச் சொந்தக்காரரின் சம்மதமின்றி, ஒருவரின் போக்குவரத்தை அறிய வாகனத்தில் கருவி பொருத்துவதும் குற்றம். இதை லைசன்ஸ் பெற்றவர் செய்தால் அதுவே லைசன்ஸைப் பறிக்கப் போதிய காரணம் என்று சட்டமே சொல்கிறது.

மீறினால் என்ன நடக்கும்? பணியகத்துக்கு முறைப்பாடு செய்யலாம். அது விசாரிக்கும். விஷயம் பாரதூரமானது என்று கண்டால், மாநிலச் சட்டமா அதிபரின் அலுவலகத்தைச் சேர்ந்த சட்டத்தரணிகள் மூலம் குற்றச்சாட்டுப் பத்திரம் தயாராகும். அது கையளிக்கப்பட்டு 15 நாட்களுக்குள் குற்றம் சாட்டப்பட்டவர் தன் மறுப்பை அனுப்பலாம். அனுப்பினால் நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவரின் முன் விசாரணை நடக்கும். இரு பக்கத்துச் சாட்சிகளும் கேட்கப்படும். முடிவில் குற்றச்சாட்டுத் தள்ளப்படலாம், நிபந்தனைகளோடு தொழில் தொடர விடப்படலாம், லைசன்ஸ் சில காலம் நிறுத்தி வைக்கப்படலாம், அல்லது அடியோடு பறிக்கப்படலாம். சிறு குற்றமென்றால் அபராதத்தோடு முடியும். முக்கியமான விஷயம், ஒருவரின் லைசன்ஸ் செல்லுபடியானதா, அவர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்பதை யாரும் இணையத்தில் பார்த்துக் கொள்ளலாம்.

முறையிட்டவரின் வாயைக் கேட்பது போல, குற்றம் சாட்டப்பட்டவரின் வாயையும் கேட்கும் இந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. கூபா நகரத்தார் ஸஃத் பின் அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் மீது முறையிட்டபோது, சுவர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட ஸஹாபி என்று பாராமல், கலீபா உமர் (ரழி) அவர்கள் அவரை அழைத்துக் கேட்டார்கள். பிறகு ஆளனுப்பி, கூபாவின் பள்ளிவாசல்தோறும் வெளிப்படையாக விசாரித்தார்கள். எல்லோரும் நல்லதையே சொன்னார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் சொன்ன பொய்யும் அதன் பின் அவருக்கு நேர்ந்த கதியும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கின்றன.

தண்டனை பிந்தி வரும்போது

ஆனால், லைசன்ஸைப் பறிப்பதால் எல்லாம் சரியாகிவிடுமா? 1999ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நஷுவா நகரில் நடந்ததைக் கேளுங்கள். 20 வயதுப் பெண் ஒருவரை, பாடசாலைக் காலந்தொட்டே மனதில் வைத்துக் கறுவி வந்த ஒருவன், இணையத்தில் தகவல் விற்கும் ஒரு விசாரணை நிறுவனத்தை நாடினான். 45 டொலருக்கு அவருடைய சமூகப் பாதுகாப்பு இலக்கம் கிடைத்தது. 109 டொலருக்கு அவர் வேலை செய்யும் இடம் கிடைத்தது. வேலைத்தல விபரத்தை எடுத்துக் கொடுத்தவர், பொய்க் காரணம் சொல்லி டெலிபோனில் பேசி அதை வாங்கியிருந்தார். ஒக்டோபர் 15ஆம் திகதி அப்பெண் வேலை முடிந்து வெளியே வந்தபோது அவன் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக் கொண்டான்.

2003ல் அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. தகவல் விற்கும் துப்பறிவாளருக்குக் காசு கொடுத்தவர் மீது மட்டுமல்ல, எவரைப் பற்றிய தகவலை விற்கிறாரோ அவர் மீதும் கவனமாக நடக்கும் கடமை உண்டு என்றது. விசாரிக்கப்படுகிறவருக்கும் உரிமை இருக்கிறது! அந்தத் தாய் வழக்காடி வென்ற நீதி இது. ஆனால் மகள் திரும்பி வரவில்லை.

பொய் சொல்லித் தகவல் பறிக்கும் இந்த வித்தை சிறிய ஆட்களோடு நிற்கவில்லை. 2006ல் ஹியூலட்-பக்கார்ட் என்ற பெரிய கணினி நிறுவனத்தில், பணிப்பாளர் சபையின் இரகசியம் எப்படி வெளியே போகிறது என்று அறிய, வெளியிலிருந்து விசாரணையாளர்களைப் பிடித்தார்கள். அவர்கள் பணிப்பாளர்களின் பெயரிலும் பத்திரிகையாளர்களின் பெயரிலும் நடித்து, டெலிபோன் நிறுவனங்களிடமிருந்து அழைப்பு விபரங்களை எடுத்தது வெளிவந்தது. அதன்பின், டெலிபோன் விபரங்களை ஏமாற்றி எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2007 ஜனவரியில் கையெழுத்தானது.

குறையைத் தேடியவர் குறையை உண்டாக்கிய கதை

மனைவிமாரான சகோதரிகள் கவனமாக வாசிக்க வேண்டியது இது. கலிபோர்னியாவின் கொன்கோர்ட் நகரில், முன்பு பொலிஸில் கடமையாற்றிய ஒரு துப்பறிவாளர் இருந்தார். விவாகரத்து வழக்கிலும், பிள்ளை யாருக்கு என்ற வழக்கிலும் இருக்கும் பெண்கள் அவரிடம் வருவார்கள். கணவனின் குறை கையில் கிடைத்தால் வழக்குக்கு உதவும் அல்லவா? குறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அவர் குறையை உண்டாக்கினார். அழகான பெண்களை அனுப்பி, அந்தக் கணவன்மாரோடு பழக வைத்து, மதுக்கடைக்கு அழைத்து, மதுவைக் குடிக்க வைத்தார். வாகனத்தை எடுத்துக் கொண்டு புறப்பட்டதும், முன்கூட்டியே ஏற்பாடு செய்த பொலிஸார் போதையில் வாகனம் ஓட்டியதாகக் கைது செய்தார்கள். 2011ல் இந்தக் குட்டு வெளிப்பட்டது. 2012ல் அந்தத் துப்பறிவாளருக்கு இதற்கும் வேறு குற்றங்களுக்குமாக எட்டு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

குடித்தது அந்த ஆண்களின் பாவம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மனிதனைப் பாவத்தின் பக்கம் தள்ளிவிட்டு, இதோ பாவி என்று காட்டுவது ஷைத்தானின் தொழிலல்லவா? மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் நீங்களே அவர்களைக் கெடுத்துவிடுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் வருகிறது. அந்த எச்சரிக்கையின் பொருளை இந்தச் சம்பவம் நம் கண்முன் நிறுத்துகிறது.

பயணத்திலிருந்து திரும்பும் ஆண், மனைவியின் தவறைப் பிடிக்கும் எண்ணத்தோடு இரவில் திடீரென்று கதவைத் தட்டுவதையும் நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். கணவனுக்கு அது கூடாதென்றால், கணவனின் கைத்தொலைபேசியைத் தூங்கும் நேரத்தில் திறந்து பார்க்கும் மனைவிக்கு மட்டும் ஆகுமா? அநியாயம் நடந்தால் காழி நீதிமன்றம் இருக்கிறது. அங்கு கண்டதைச் சொல்லலாம், சாட்சியைக் கொண்டு வரலாம். வலை விரிக்கக் கூடாது.

லைசன்ஸே இல்லாவிட்டால்?

இங்கிலாந்தின் நிலை வேறு. தனியார் பாதுகாப்புத் துறைக்கான சட்டம் 2001லேயே வந்தது. தனியார் துப்பறிவாளர்களுக்கும் லைசன்ஸ் கொண்டுவர அதில் இடமிருந்தது. ஆனால் கொண்டுவரப்படவில்லை. 2007 ஜனவரியில், அரச குடும்பத்தாரோடு தொடர்புடையவர்களின் டெலிபோனில் பதிவான செய்திகளை ஒட்டுக் கேட்டதற்காக 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' பத்திரிகையின் நிருபர் ஒருவரும் அவருக்காக வேலை செய்த துப்பறிவாளர் ஒருவரும் சிறை சென்றார்கள். 2002ல் காணாமற்போய்க் கொலையுண்ட ஒரு 13 வயதுச் சிறுமியின் டெலிபோனையும் அந்தப் பத்திரிகைக்காக ஒட்டுக் கேட்டார்கள் என்ற செய்தி 2011ல் வந்தபோது நாடே கொதித்தது. 168 வருடங்கள் வெளிவந்த அந்தப் பத்திரிகை அந்த ஜூலை மாதமே மூடப்பட்டது. 2013ல் உள்துறை அமைச்சர், துப்பறிவாளருக்கு லைசன்ஸ் கட்டாயமாகும் என்று அறிவித்தார். பத்து வருடங்கள் கடந்த பின்னும் அது நடைமுறைக்கு வரவில்லை.

அங்கு குற்றம் செய்தவரைப் பொலிஸ் பிடிக்கலாம், நீதிமன்றம் தண்டிக்கலாம். ஆனால் தண்டனை முடிந்து வெளியே வருபவரிடமிருந்து பறிப்பதற்கு அரசாங்கத்தின் கையில் லைசன்ஸ் என்று ஒன்றில்லை. கொடுக்காத சாவியை எப்படித் திரும்ப வாங்குவது?

நமது பிக்ஹு என்ன சொல்கிறது?

காழியின் முன் சாட்சி சொல்ல வருபவர் நேர்மையானவர்தானா என்று இரகசியமாக விசாரித்துச் சொல்ல ஆட்கள் நியமிக்கப்படும் வழக்கம் இஸ்லாத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே இருந்தது. நேர்மையைச் சான்று பகர்பவரை முஸக்கீ என்பார்கள். அவருக்கு என்ன தகுதி வேண்டும்? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இருக்கிறது. சாட்சிக்குரிய எல்லாத் தகுதிகளும் வேண்டும். எது குறை, எது நிறை என்ற அறிவு வேண்டும். நற்சான்று கொடுப்பதென்றால், தோழமையாலோ, அயலில் வாழ்ந்ததாலோ, கொடுக்கல் வாங்கலாலோ அந்த மனிதரின் உள்நிலையை அறிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒருவர் நல்லவர் என்று சொல்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. குறை சொல்பவர் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும்!

பொய்யாகப் பழி சொன்னவருக்கு? கற்புள்ள பெண் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவருக்கு ஸூரத்துந் நூர் எண்பது கசையடி விதிக்கிறது. அத்தோடு நிற்கவில்லை, அவருடைய சாட்சியத்தை இனி ஏற்காதீர்கள் என்றும் கட்டளையிடுகிறது. அடியின் வலி ஆறிவிடும். பேச்சின் மதிப்பு போவதுதான் பெரிய தண்டனை. இதுவல்லவா முதல் லைசன்ஸ் பறிப்பு!

தௌபா செய்தால் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. கிடைக்காது என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. பாவத்திலிருந்து மீண்டவரின் தௌபா உண்மைதானா என்று பார்க்க ஒரு சோதனைக் காலம் வேண்டும் என்றும், அது ஒரு வருடம் என்றும் நமது மத்ஹபின் பெரும்பாலான அறிஞர்கள் வரையறுத்தார்கள். ஏன் ஒரு வருடம்? வருடத்தின் நான்கு பருவங்களும் மனித மனதைத் தூண்டக் கூடியவை. நான்கையும் கடந்து நின்றவரை நம்பலாம் என்றார்கள். எவ்வளவு நுட்பமான பார்வை!

லைசன்ஸ் இல்லாத துப்பறிவாளர்கள்

இதுவரை அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் பேசினோம். நமது ஊரில் ஒரு பெண் பிள்ளைக்குப் பேச்சு வந்தால் எத்தனை பேர் துப்பறிவாளர் ஆகிவிடுகிறார்கள்! காசும் வாங்குவதில்லை, பரீட்சையும் எழுதுவதில்லை. மொட்டைக் கடிதம் எழுதுபவர் கையெழுத்தும் வைப்பதில்லை. இப்போது அது வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வருகிறது. அதைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பியவரிடம் முறையிட எந்தப் பணியகம் இருக்கிறது?

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை மறைப்பது நியாயமல்ல. பல வருடங்களுக்கு முன் வெளியூர்ப் பெரியவர் ஒருவர், என்னிடம் ஓதிய ஒரு பையனைப் பற்றிக் கலியாணத்துக்காக விசாரிக்க வந்தார். பாடத்துக்கு மணி அடித்துவிட்டது. அவசரத்தில், "பிள்ளை நல்ல பிள்ளை, ஓதுகிற காலத்தில் கொஞ்சம் அப்படி இப்படி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். என் மனதில் இருந்தது, பாட நேரத்தில் அவன் கிரிக்கெட் விளையாட ஓடியது மட்டுந்தான். அந்தப் பேச்சு முறிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு பையனின் உம்மா என்னிடம் வந்து, "என் மகன் என்ன செய்தான் ஹஸரத்?" என்று கேட்டார். அன்று அந்தத் தாயின் முன் நான் நின்ற நிலையை இன்றும் மறக்க முடியவில்லை. காரணம் சொல்லாத குறை ஏற்கப்படாது என்று பிள்ளைகளுக்கு மின்ஹாஜில் பாடம் நடத்துபவன் நான்! பையனிடமும் தாயிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெரியவரைத் தேடிப் போய் விஷயத்தை விளக்கினேன். அதற்குள் அவர் மகளுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் முடிந்திருந்தது.

எனக்கு லைசன்ஸ் இருக்கவில்லை, எவரும் பறிக்கவில்லை. ஆனால் அல்லாஹ்விடத்தில் என் ஏடு திறந்தே இருக்கிறது.

தாய்க்கும் மகளுக்கும் சொன்ன பதில்

ஒரு வாரத்தின் பின் அவர்கள் திரும்பி வந்தபோது நான் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

1. முதலில் அறிந்தவர்களிடம் கேளுங்கள். மாப்பிள்ளை தொழும் பள்ளிவாசலின் இமாம், அயல் வீட்டார், கூட வேலை செய்பவர், கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர். அவர்கள் எத்தனை வருடப் பழக்கம் என்பதையும் கேளுங்கள்.

2. விசாரிக்கப் போகிறோம் என்பதை மாப்பிள்ளை வீட்டாருக்கே சொல்லிவிடுங்கள். முன்பு கலியாணம் முடித்தவரா என்பதைப் பத்திரங்களோடு அவர்களிடமே கேளுங்கள். நேர்மையான குடும்பம் அதற்குக் கோபிக்காது.

3. அதன் பின்னும் நியாயமான சந்தேகம் இருந்து, ஆள் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், அவருடைய லைசன்ஸ் இலக்கத்தைக் கேட்டு, அது செல்லுபடியானதா, ஒழுக்காற்று நடவடிக்கை எதுவும் உண்டா என்று நீங்களே பாருங்கள்.

4. என்ன தேட வேண்டும், என்ன தேடக் கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள். பொய்ப் பெயரில் பேசுவதும், டெலிபோன் துருவுவதும், வலை விரிப்பதும் வேண்டாம் என்று எழுதுங்கள். கூலி கொடுத்தவர் பாவத்தில் பங்காளி. எங்களுக்குத் தெரியாது என்று மறுமையில் சொல்லித் தப்ப முடியாது.

5. அறிக்கையில் ஒரு குறை வந்தால், காரணம் என்ன, கண்டவர் யார் என்று கேளுங்கள். மாப்பிள்ளைக்கும் பதில் சொல்ல இடங் கொடுங்கள். தவணை கொடுக்காத விசாரணை விசாரணையே அல்ல.

6. பேச்சு முறிந்தால் அந்தக் கடதாசியை எரித்துவிடுங்கள். அதில் உள்ளது அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது.

தாய் சற்று நேரம் பேசாமலிருந்தார். "அப்போ விசாரிக்கிறதும் ஒரு அமானிதம்தான் ஹஸரத்" என்றார். மகள் ஒரு சிறு கொப்பியில் எல்லாவற்றையும் குறித்துக் கொண்டார். முதலில் அந்தப் பள்ளிவாசல் இமாமுக்கு எழுதுவதென்று முடிவு செய்து போனார்கள். என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. வந்தாலும் அது உங்களுக்கும் எனக்கும் உரியதல்ல.

சகோதரிகளே! ஒருவரைப் பற்றி நம்மிடம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், அந்த நேரத்துக்கு நமக்கும் ஒரு சாவி தரப்படுகிறது. அறிந்ததை மட்டும், தேவையான அளவு, கேட்டவருக்கு மாத்திரம் சொல்லி, சாவியைத் திருப்பி வைத்துவிடுவோம். மற்றவரின் மானத்தை மறைப்பவரின் மானத்தை அல்லாஹ் மறைக்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் கண்களையும் பாதுகாப்பாயாக. எங்கள் பிள்ளைகளுக்குக் கண் குளிர்ச்சியான துணைகளைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.